நாலு பரிமாணக் கனசதுரக் கிட்: வாங்கலாமா?

நாகர்கோவில் வடசேரியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் இந்தக் கிட்டில் 32 மரக்குச்சிகளும் 16 ரப்பர் மூட்டுகளும் உண்டு. எண்ணிக்கை சரிதான்: நாலு பரிமாணக் கனசதுரத்துக்கு (நீளம், அகலம், உயரம் தவிர நாலாவதாக ஒரு திசையும் உள்ள கனசதுரம்) 16 முனை, 32 விளிம்பு, ஒவ்வொரு முனையிலும் நாலு விளிம்பு.

கட்டுவது அதன் முப்பரிமாண நிழலை: பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, இரண்டின் மூலைகளையும் இணைக்கும் சாய்வுக் குச்சிகள். கோளாறு அந்தச் சாய்வுக் குச்சிகளில். வெளிப்பெட்டி 20 செ.மீ., உள்பெட்டி 10 செ.மீ. என்றால் இரண்டையும் இணைக்கும் 8 குச்சிகள் 8.66 செ.மீ. இருக்க வேண்டும். தந்திருப்பதோ 9. உப்புத்தாளில் 3 மி.மீ. தேய்க்காவிட்டால் சாய்வுக் குச்சிகள் சரியாகப் பொருந்தாது. முதலில் உள்பெட்டி, பிறகு சாய்வுகள், கடைசியில் வெளிப்பெட்டி. வரிசை மாறினால் கை உள்ளே போகாது. மழைக்காலத்தில் மரம் ஊறி வளைகிறது, மூங்கில் குச்சி கொடுத்திருக்கலாம்.

விளக்கத்தாள் அருமை. பரிமாணம் மாறினால் என்ன ஆகும் என்று சொல்கிறது. இரு பரிமாண உயிருக்கு வாயிலிருந்து மறுமுனை வரை குடல் இருந்தால் உடல் இரண்டாகப் பிரிந்துவிடும். நாலு பரிமாணத்திலோ கயிற்றில் எந்த முடிச்சும் நிற்காது. குளச்சல் மீன்வலை முழுக்க அவிழ்ந்துவிடும்! ஈர்ப்பு விசையும் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதமாகக் குறைவதால் கோள்களுக்கு நிலையான சுற்றுப்பாதை அமையாது. உள்பெட்டி உண்மையில் சிறியதல்ல, நிழலில்தான் அப்படித் தெரிகிறது என்பதையும் தாளில் சேர்த்திருக்க வேண்டும். பிள்ளைகள் அங்கேதான் குழம்புகிறார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.