130-இல் குறையில்லை, 65-தான் தொல்லை

பேஸ் கிட்டாரின் அடிக் கம்பியை ஈ-யிலிருந்து சி சுருதிக்கு இறக்கப் போகிறேன், எந்தக் கம்பி செட் வாங்கலாம் அக்கா என்று ஸ்டுடியோவில் பழக்கமான ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நானும் ரொம்ப நாளாக அதே சுருதியில்தான் வாசிக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 34 அங்குல நாலு கம்பி பேஸ். ஐந்து கம்பி செட் ஒன்று வாங்கி, 45-ஐத் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 65-85-105-130-ஐ ஏற்றியிருக்கிறேன். சுருதி கீழிருந்து சி, எஃப், ஏ ஷார்ப், டி ஷார்ப். எங்கள் பாடகருக்கு ஒரு கட்டை, அதாவது சி-தான் வசதி. இப்படி வைத்தால் விரல் வைக்காமல் மீட்டும்போதே அடிக் கம்பி ச, அடுத்த கம்பி ம. பாட்டு முழுக்க ஆதார ஸ்வரம் கைக்கடியிலேயே கிடக்கும்.

அந்த 130-ஐ எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வழக்கமான அடிக் கம்பியான 105-ஐ ஈ-யிலிருந்து சி வரை தளர்த்தினால் இழுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. கம்பி தொளதொளத்துவிடும். கொஞ்சம் ஓங்கி அடித்தால் முதலில் சுருதி ஏறும், அப்புறம்தான் இறங்கி நிற்கும். வேகமான பாட்டில் அது இறங்குவதற்குள் அடுத்த அடி வந்துவிடுவதால், பாட்டு முழுக்க கிட்டாருக்கு ஒரு நூல் மேலேயே ஓடிக்கொண்டிருப்போம். 130 அப்படிச் செய்யாது. அது பி-க்காகச் செய்த கம்பி, சி அதற்கு ஒரு ஃப்ரெட் (கழுத்தில் ஒரு கட்டம், அரை ஸ்வரம்) மேலே. இழுப்பு 40 பவுண்டை ஒட்டி வரும், சாதாரண பேஸில் 105 ஈ-யில் கொடுக்கும் அதே பிடிப்பு. இரண்டு கிட்டாரும் டிஸ்டார்ஷனில் இரையும்போதும் அந்த சி கரையாமல் தனியாக நிற்கிறது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் ராத்திரி ஹெட்ஃபோனில் வாசிக்கும்போதுகூட அந்த ஒரு ஸ்வரத்தையே திரும்பத் திரும்ப மீட்டிக் கேட்கத் தோன்றும்.

கோபமெல்லாம் எதிர்ப்பக்கம் இருக்கும் 65 மேல்தான். சாதாரண செட்டில் 45 ஜி-யில் நிற்கும்போது இழுப்பு சுமார் 43 பவுண்ட். என் பேஸில் 65 டி ஷார்ப்பில் 57 பவுண்டை நெருங்குகிறது. ஒரே பேஸில் கீழே 40, மேலே 57! மேல் கம்பிக்கு விரல் போனதும் வேலிக் கம்பியைத் தொட்டது போல இருக்கிறது. நம் பாட்டுகளில் மேல் கம்பியில்தான் குழைவே வரும். நாகஸ்வரப் பிடி மாதிரி ஒன்றை இழுத்து வாசிக்கப் பார்த்தால் கம்பி பாதி ஸ்வரம்கூட நகர்வதில்லை. கடைசியில் இழுப்பதை விட்டுவிட்டு ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சறுக்கித்தான் ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. சறுக்குவதும் இழுத்து வாசிப்பதும் காதுக்கு ஒன்றல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுருதியை இறக்கியிருக்கிறேன், ஆனால் நாலு கம்பியையும் கூட்டினால் கழுத்தின் மேல் இழுப்பு முன்பைவிட அதிகம். கழுத்து முன்னால் வளைந்து, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியை முறுக்கி நிமிர்த்த வேண்டி வந்தது.

கீழ்ச் சுருதிக்கென்று விற்கும் தடி செட்களில் பெரும்பாலும் இதே கதைதான். நாலையும் சேர்த்துத் தடிப்பாக்கிவிடுகிறார்கள். கீழே தடி வேண்டும் என்பவருக்கு மேலேயும் தடி வேண்டும் என்று யார் சொன்னது? கம்பி செய்யும் டி'அடாரியோ நிறுவனத்தில் சாதாரண சுருதிக்கு 45-60-80-107 என்று இழுப்பைச் சமப்படுத்திய செட் இருக்கிறது. ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. இழுப்பு ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். அந்தக் கணக்கில் என் சுருதிக்கு 55-75-100-130 போட்டால் நாலு கம்பியும் 40 பவுண்டைச் சுற்றியே நிற்கும். ஆனால் நான் போகும் கடையில் தனிக் கம்பி என்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். நாலுக்கும் சேர்த்துப் பார்த்தால் செட்டைவிடக் கூடுதல் வெள்ளி.

நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டை, அதில் வேலையும் உண்டு. 105-க்கு வெட்டிய பள்ளத்தில் 130 உட்காராது, மேலேயே மிதக்கும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கிட்டார் வேலை பார்ப்பவர் ஒருவர் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, கம்பியை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தார், அருமையான வேலை. ஆனால் அகலப்படுத்தியது அகலப்படுத்தியதுதான். மறுபடி 105 போட்டால் பள்ளத்தில் ஆடும், புது நட்தான் மாற்ற வேண்டும். 130-க்கான சேடிலும் (மறுமுனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கடைசி வரை பின்னால் தள்ளிய பிறகுதான் 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி சேர்ந்தது. நம்மூர்ப் புழுக்கத்தில் கைவேர்வையும் அழுக்கும் கம்பியின் சுற்றுக்குள் இறங்கி, தடிக் கம்பிதான் முதலில் மங்குகிறது. வாசித்து முடித்ததும் துடைத்தே ஆக வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் தம்பிக்கு என் பதில்: வேண்டாம். நீங்கள் சிங்கப்பூர் மெட்டல் இசைக்குழு ருத்ராவின் கதிர் மாதிரி பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பவர். பாட்டில் கவனம் இருக்கும்போது மேல் கம்பியோடு மல்லுக்கட்ட முடியாது. 50 முதல் 110 வரையுள்ள நாலு கம்பி செட் வாங்கி அடிக் கம்பியை டி வரைக்கும் இறக்குங்கள். இழுப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், நட்டைத் தொடாமலேயே பெரும்பாலும் ஒத்துப்போகும். டி என்றால் இரண்டு கட்டை, அதில் பாடிப் பாருங்கள், உங்கள் குரலுக்கு அது எட்டும். சி-தான் வேண்டும் என்று தோன்றினால் 55-75-100-130 என்று தனித்தனியாகச் சொல்லி, வரும்வரை காத்திருங்கள். நான் 130-ஐக் கழற்றப் போவதில்லை. 65 மட்டும் இனி என் பேஸில் ஏறாது.