500 ஹெர்ட்ஸா, 2.3 கிலோஹெர்ட்ஸா?

யேசு எஃப்டி-817 என்ற சிறிய அமெச்சூர் வானொலிக் கருவியில், வேண்டிய அகலத்துக்குள் வரும் ஒலியை மட்டும் உள்ளே விடும் கூடுதல் ஃபில்டருக்கு ஒரே ஓர் இடம்தான். மோர்ஸா பேச்சா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும்.

உப்புவெளியில் இரவில் 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் நாலு மோர்ஸ் நிலையங்கள் ஒன்றாகக் காதில் விழும். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போட்டதும் வேண்டிய 'டிட் டா' மட்டும் தனியே நிற்கும், இரைச்சலும் அடங்கும். பேச்சை மட்டும் அதற்குள் அடைக்க முடியாது.

2.3 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்கானது. ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஃபில்டரும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். இந்த 2.3இன் ஓரங்கள் செங்குத்து, அதாவது அகலத்துக்கு வெளியே இருப்பதைச் சட்டென வெட்டும் என்பதால் பக்கத்து நிலையத்தின் கரகரப்பு குறையும், அவ்வளவே. அதற்கு இவ்வளவு காசா? மோர்ஸே வேண்டாம் என்பவருக்குச் சரி. நான் 500ஐத்தான் எடுப்பேன். அப்புறம், ஃபில்டரைப் பழையதாக வாங்கினால் அதன் பின்களைப் பாருங்கள். நம் கடற்காற்றில் பச்சை பூத்துவிடும்.