பட்ஜெட்டில் தெர்மல் டிரோன்: கூரை ஒழுகல் பார்க்க எது உருப்படி?

பினாங்கில் கூரை ஒழுகல், சுவர்ப் பூச்சு உப்பல் என்று கட்டடம் பார்க்கிற ஆட்கள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒன்றுதான், "குறைஞ்ச விலையில எந்த தெர்மல் டிரோன் (சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா உள்ளது) வாங்கலாம் அண்ணே?" நான் வேலைக்குப் பறக்கவிட்டது மூன்று: பேரட் அனாஃபி தெர்மல், டிஜேஐ மேவிக் 2 எண்டர்பிரைஸ் அட்வான்ஸ்டு, மேவிக் 3 தெர்மல். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 640-க்கு 512 புள்ளிகள் உள்ள தெர்மல் சென்சாருக்குக் கீழே போகாதீர்கள். புதிது கட்டுப்படியாகவில்லை என்றால் அதே அளவு சென்சார் உள்ள பழையதை, அதாவது மேவிக் 2 அட்வான்ஸ்டை, செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள்.

காரணம் வெறும் கணக்கு. அனாஃபியில் இருப்பது ஃபிளிர் லெப்டான் என்கிற சின்ன தெர்மல் சென்சார், 160-க்கு 120 புள்ளிகள்தான். கூரைக்கு மேலே 30 மீட்டரில் நிறுத்தினால் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 20 செ.மீ. அளவு. ஒரு புள்ளியை வைத்து எதையும் சொல்ல முடியாது, குறைந்தது மூன்றுக்கு மூன்று வேண்டும், அப்படியென்றால் 60 செ.மீ.க்குச் சிறிய ஈரம் எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். 640-க்கு 512 உள்ள மேவிக் 3 தெர்மலில் அதே உயரத்தில் ஒரு புள்ளி 4 செ.மீ. சொச்சம். ஓடு மாற்றுவதற்கு எந்த ஓடு என்று காட்டுவதற்கும், "அந்தப் பக்கம் எங்கேயோ" என்று கை காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அனாஃபியைத் திட்டவும் மனசு வரவில்லை. 315 கிராம்தான், கேமராவை நேராக மேலே பார்க்க வைக்கலாம், ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் கூரை இறவாணத்துக்கு அடியில் பார்க்க அதைப் போல வசதி மற்ற இரண்டிலும் கிடையாது. பக்கத்தில் போய்ப் பார்க்கிற வேலை மட்டும் என்றால் சரி.

மேவிக் 2 அட்வான்ஸ்டில் தெர்மல் சென்சார் 640-க்கு 512, வெப்பநிலை துல்லியம் ±2 டிகிரி, ஒழுகல் தேட அது தாராளம். பேட்டரிதான் தொல்லை, காகிதத்தில் 31 நிமிடம், பழைய பேட்டரியில் அதுவும் வராது. மேவிக் 3 தெர்மலுக்கு 45 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள், கடல்காற்றில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், ஆனாலும் ஒரு நடுத்தர ஃபிளாட் கூரையை ஒரே பேட்டரியில் முடித்துவிடலாம். அதோடு தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி கேமரா இருப்பதால், சூடாகத் தெரிகிற இடம் நிஜமாகவே விரிசலா இல்லை காக்கா எச்சமா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கினால் விலை அதிகம், மாதத்தில் இரண்டு வேலை வருகிறவருக்கு அது பாரம்.

எதை வாங்கினாலும் பறக்கிற நேரம் தப்பினால் படம் குப்பைதான். கான்கிரீட் மொட்டை மாடியில் உள்ளே இறங்கிய தண்ணீர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், பொழுது சாய்ந்து மற்ற இடமெல்லாம் ஆறும்போது ஈரமான இடம் மட்டும் சூடாகத் தெரியும். சாயங்காலம் மழை பெய்து மேலே தண்ணீர் தேங்கியிருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போங்கள். சுவர்ப் பூச்சோ சுவரில் ஒட்டிய ஓடோ பிடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்க வெயில் அடிக்கிற நேரம்தான் நல்லது, பின்னால் காற்று இருப்பதால் உப்பிய இடம் சீக்கிரம் சூடேறும்.

பெயின்ட் அடிக்காத பளபளக்கும் தகரக் கூரை மேலே இருக்கும் வானத்தைப் பிரதிபலிக்கும், கேமரா அதைப் படித்துவிட்டு கூரை குளிர்ச்சியாக இருப்பதாகச் சொல்லும். கோலாலம்பூர் கண்ணாடிக் கோபுரங்களிலும் இதே கதை, இந்தக் கேமராவுக்குக் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க முடியாது, எதிர்க் கட்டடத்தின் பிரதிபலிப்பைத்தான் காட்டும். அதையே "ஏர்கான் கசிவு" என்று வட்டம் போட்டு ரிப்போர்ட் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன் லா.

அனுமதி விஷயத்தைக் கடைக்காரர்கள் வாயே திறப்பதில்லை. காசு வாங்கிப் பறப்பதற்கு சிஏஏஎம் (மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி, வான்வழிப் படத்துக்கு ஜூப்பெம் (நில அளவை, வரைபடத் துறை) அனுமதி, இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விமான நிலைய ஓடுபாதைக்குப் பக்கத்தில், பட்டர்வொர்த் பக்கம் விமானப்படைத் தளம், அங்கே வேலை பிடித்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்டு ஓடுவது வீண்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனால் விற்பவரிடம் தெர்மல் படத்தின் அசல் கோப்பைக் கேளுங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். டிஜேஐயின் இலவச தெர்மல் அனாலிசிஸ் டூலில் அதைத் திறந்து, ஏதாவது ஒரு புள்ளியில் வைத்தால் வெப்பநிலை வர வேண்டும். வராவிட்டால் அது வெறும் கலர் படம். பேட்டரி எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்கிறது என்பதை ஆப்பிலேயே காட்டச் சொல்லுங்கள், தயங்குகிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.