ரேஜார் அட்டவணை: எங்கே நம்பலாம், எங்கே கையை விரிக்கும்

பிரிட்டனில் ஒரு வானொலி நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று கேட்டால், பிபிசியும் அதன் போட்டியாளர்களும் ஒரே எண்ணைத்தான் காட்டுவார்கள். அது ரேஜார் என்ற நேயர் கணக்கெடுப்பு அமைப்பு தரும் எண். பிபிசியும், வணிக நிலையங்களின் அமைப்பான ரேடியோசென்டரும் இதைக் கூட்டாகச் சொந்தமாக வைத்திருக்கின்றன. களப்பணியை இப்சாஸ் நிறுவனம் செய்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை வெளியாகும். அதன் சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மணி வாரியாக, வயது வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாடு தழுவிய நிலையத்துக்கும் பெரிய குழுமங்களுக்கும் இது நல்ல தராசு. ஒரு சிறிய ஊர் நிலையத்தின் மூன்று மாத ஏற்ற இறக்கத்தை இதில் பார்ப்பது, லாரி எடைமேடையில் மிளகை நிறுப்பதற்குச் சமம். மேடையில் பழுதில்லை, மிளகுக்கு அது ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

1992க்கு முன் பிபிசி தன் கணக்கைத் தானே எடுத்துக்கொண்டது. நேற்று என்ன கேட்டீர்கள் என்று நேரில் கேட்பது அதன் வழி. வணிக நிலையங்கள் கேட்டதைக் குறித்துவைக்க டைரி கொடுத்து வேறு கணக்கு எடுத்தன. கருவியே வேறு என்பதால் இரண்டும் ஒத்துப்போக வழியில்லை, ஆளுக்கொரு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ரேஜாரின் பெரிய பலம் அதன் துல்லியம் அல்ல. போட்டியாளர்கள் இருவரும் ஒரே தராசை ஏற்றுக்கொண்டிருப்பதுதான். விளம்பரம் வாங்குபவருக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

அளவீட்டின் அடிப்படை இன்னும் டைரிதான். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் ஏழு நாள் கேட்டதைக் கால்மணி நேரக் கட்டங்களில் குறிக்கிறார். எந்த நிலையம், வீட்டிலா வண்டியிலா வேலையிடத்திலா, எஃப்எம்மா, டிஏபி எனும் டிஜிட்டல் வானொலியா, இணையமா என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். டைரி காகிதத்திலும் உண்டு, இணையத்திலும் உண்டு. கோவிட்டுக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் இப்படி வாங்கினார்கள். வானொலிக் கணக்கெடுப்புக்கு இது பெரிய மாதிரி.

ஒரு கால்மணி நேரக் கட்டத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் அந்தக் கட்டம் முழுவதும் நிலையத்தின் கணக்கில் ஏறும். ஒருவர் 7.10 முதல் 7.20 வரை கேட்டார் என்று வையுங்கள். முதல் கட்டத்தில் ஐந்து, அடுத்த கட்டத்தில் ஐந்து. பத்து நிமிடக் கேட்பு அரை மணி நேரமாகப் பதிவாகிறது. இன்னொருவர் 7.11 முதல் 7.19 வரை எட்டு நிமிடம் கேட்டால், இரண்டு கட்டத்திலும் நான்கு நான்குதான். விதிப்படி அவர் கேட்கவே இல்லை. நிகழ்ச்சி அமைப்பவர்கள் கால்மணி எல்லைக்குச் சற்று முன் ஒரு புதிரைப் போட்டு, விடையை எல்லை தாண்டி ஐந்தாறு நிமிடம் கழித்துச் சொல்வது எதற்காக என்று இப்போது விளங்கும். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம், நேயர் உடன் வைத்திருக்கும் கருவி கேட்பதைத் தானே பதிந்துகொள்ளும் தன் மீட்டர் கணக்கில், இந்த வரம்பை 2025 ஜனவரியில் மூன்று நிமிடமாகக் குறைத்தது. பாட்டோ பேச்சோ எதுவும் மாறாமலேயே எண்கள் உயர அது ஒன்றே போதும்.

இலவச அட்டவணையைத் திறந்தால் எல்லாரின் கண்ணும் வாரத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் 'ரீச்' என்ற பத்திக்குத்தான் போகும். வாரத்தில் ஒரே ஒரு கட்டத்தில் கேட்டவரும் அதில் ஒரு ஆள், நாள் முழுக்கக் கேட்பவரும் ஒரு ஆள். அதனால் பத்திகளை வேறு வரிசையில் படிப்பது நல்லது. முதலில் மக்கள்தொகைப் பத்தி. அடுத்து நிலையத்தின் பெயர் அருகே, எத்தனை மாதத் தரவு என்று காட்டும் காலக் குறியீடு. பிறகு மொத்த மணிநேரம். ரீச் கடைசியில்.

மக்கள்தொகைப் பத்தியில் முதல் பொறி இருக்கிறது. அது ஊரின் மக்கள்தொகை இல்லை. நிலையம் தனக்கென்று வரையறுத்துக்கொண்ட சேவைப் பகுதியில் வாழும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் தொகை. எல்லையைப் பெரிதாக வரைந்தால் ஆயிரங்களில் ரீச் ஏறும், சதவீதம் இறங்கும். சுருக்கி வரைந்தால் சதவீதம் அழகாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டில் ஒன்று 12 சதவீதம், மற்றது 8 சதவீதம் என்று இருந்தால், இரண்டின் மக்கள்தொகையையும் பார்க்காமல் முதலாவது முந்தியது என்று சொல்லக் கூடாது. போன ஆண்டு அட்டவணையில் இதே பத்தியையும் ஒரு பார்வை பாருங்கள். அந்த எண் சட்டென்று மாறியிருந்தால் வரைபடம் மாறியிருக்கிறது, நேயர் மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேவைப் பகுதியில் 4,00,000 பேர். நிலையத்தின் ரீச் 10 சதவீதம், அதாவது 40,000. மொத்தம் 3,00,000 மணிநேரம் கேட்கிறார்கள். ஒரு நேயருக்கு வாரம் ஏழரை மணி. அதே பகுதியில் எல்லா வானொலியும் சேர்ந்து 88 சதவீதம் பேரை எட்டி, ஆளுக்கு 20 மணிநேரம் கேட்கப்படுகிறது என்றால் மொத்தம் 70,40,000 மணிநேரம். நிலையத்தின் பங்கு 4.26 சதவீதம். இப்போது ரீச் அப்படியே நிற்க, சராசரி ஏழரையிலிருந்து ஆறு மணியாகக் குறைந்தால் 60,000 மணிநேரம் போய்விடும். செய்தி அறிக்கையில் நேயர் எண்ணிக்கை நிலையாக உள்ளது என்று எழுதுவார்கள். விளம்பரக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்திருக்கும்.

பொது ஒலிபரப்பும் வணிக ஒலிபரப்பும் ஒரே அட்டவணையைப் பார்த்து வேறு வேறு பத்திகளை உயர்த்திப் பிடிப்பதும் இதனால்தான். பிபிசி வாழ்வது உரிமக் கட்டணத்தில். கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று போய்ச் சேர்கிறது என்று காட்ட அதற்கு ரீச் வேண்டும். வணிக நிலையம் விற்பது விளம்பரம் காதில் விழும் தடவைகளை, அதற்கு மணிநேரமும் பங்கும் வேண்டும். சமீப ஆண்டுகளில் மொத்தக் கேட்பில் பாதிக்கு மேல் வணிக நிலையங்களுடையது. ஆனாலும் தனி நிலையம் என்று எடுத்தால் அதிகம் பேரை எட்டுவது பிபிசி ரேடியோ 2. 'முதலிடம்' என்ற சொல்லை யார் சொன்னாலும், எந்தப் பத்தியில் என்று கேட்டுவிடுங்கள்.

இனி மாதிரிப் பிழை. மேலே சொன்ன நிலையத்தின் பகுதியில் 500 டைரிகள் வந்தன என்று கொள்வோம். 10 சதவீத ரீச்சுக்கு 95 சதவீத நம்பிக்கையில் பிழை வரம்பு இரு பக்கமும் 2.6 புள்ளி. 40,000 என்று அச்சாகியிருப்பது உண்மையில் 29,500க்கும் 50,500க்கும் இடையே எங்கும் இருக்கலாம். இரண்டு காலாண்டுகளை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேர்ந்து வரம்பு 3.7 புள்ளியாக விரிகிறது. சுமார் 15,000 பேர் கூடினாலோ குறைந்தாலோதான் உண்மையிலேயே ஏதோ நடந்தது எனலாம். வயது, பால் முதலியவை மக்கள்தொகை விகிதத்தோடு ஒத்துப்போகும்படி எடைபோட்டுச் சரிசெய்வதால் 500 டைரிகள் 350 டைரிகளின் பலத்துக்கு இறங்கிவிடுவதும் உண்டு. அப்போது வரம்பு இன்னும் அகலம். 'ஆறாயிரம் புதிய நேயர்கள்' என்று கேக் வெட்டும் நிலையங்கள் பெரும்பாலும் கொண்டாடுவது மாதிரியின் ஆட்டத்தைத்தான்.

இதைத் தணிக்கத்தான் காலக் குறியீடு. பெரிய நிலையங்கள் மூன்று மாதத் தரவைக் காட்டும். நடுத்தரமானவை ஆறு மாதம், சிறியவை பன்னிரண்டு மாதம். ஆறு மாதத் தரவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும்போது பாதி டைரிகள் போன தடவை எண்ணியவையே. பழைய மூன்று மாதம் வெளியே போக, புதிய மூன்று மாதம் உள்ளே வருகிறது. வெளியான எண் 2,000 கூடியிருந்தால், புதிய காலாண்டு வெளியே போன காலாண்டைவிட 4,000 அதிகம் என்று பொருள். பன்னிரண்டு மாதத் தரவில் இதே மாற்றம் நான்கில் ஒரு பங்காகத்தான் தெரியும். காலை நிகழ்ச்சியின் அறிவிப்பாளரை மாற்றிவிட்டு அடுத்த அட்டவணையில் பலனைத் தேடினால் இதனாலேயே ஒன்றும் தென்படாது. ஓராண்டு பொறுத்து, ஒன்றின் மாதங்கள் மற்றதில் வராத இரண்டு காலங்களை ஒப்பிட வேண்டும்.

ஒரு மொழிச் சமூகத்துக்காக நடக்கும் நிலையங்களுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. அவற்றின் நேயர்கள் ஊர் முழுக்கப் பரவி இருப்பதில்லை, சில தெருக்களில் நெருக்கமாக இருப்பார்கள். கணக்கெடுப்பாளர் போகும் இடங்களில் அந்தத் தெருக்கள் விழுந்தால் எண் துள்ளும், விழாவிட்டால் படுத்துவிடும். இப்படிப்பட்ட நிலையத்தின் ஒற்றை எண்ணை வைத்து ஒப்பந்தம் பேசுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

டைரியின் குறைகள் பழையவை. பலர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள். திங்களுக்குப் போட்ட கோட்டையே வெள்ளி வரை இழுத்துவிடுவார்கள். பழக்கமான பெரிய பெயர் நினைவுக்கு வரும், கடையிலோ டாக்ஸியிலோ கேட்ட பத்து நிமிடம் வராது. ஹார்ட் என்ற நிலையத்தைக் கேட்டாரா அதன் கிளையான ஹார்ட் 80ஸ் கேட்டாரா, ரேடியோ 4ஆ ரேடியோ 4 எக்ஸ்ட்ராவா என்பதிலும் குழப்பம் வரும். ஸ்மார்ட் ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அது எந்த வழியாக வருகிறது என்பதே தெரியாமல் இருக்கலாம். மொத்தத்தில் டைரி நீண்ட கேட்பை ஊதிக் காட்டும், துண்டு துண்டான கேட்பை விழுங்கிவிடும்.

மீட்டரின் சாய்வு இதற்கு நேர் எதிர். ஒருவர் கேட்கும் நிலையங்களின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றிலும் செலவிடும் நேரம் குறையும். எந்தக் கருவியை எடுத்தாலும் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நட்டம். கைக்கடிகார மீட்டரை ஏற்கவில்லை என்று டாக்ஸ்போர்ட் என்ற விளையாட்டு வானொலியை நடத்திய வயர்லெஸ் குழுமம் ரேஜார் மீது வழக்குப் போட்டு 2004ல் தோற்றது. அந்தச் சண்டையின் வேர் இங்கேதான்.

மீட்டரும் புனிதமானதல்ல. காதுக்குத் தெரியாத குறியீட்டை ஒலிக்குள் மறைத்து அனுப்பும் முறையில், குறியீடு ஒளிந்துகொள்ள மேலே போதிய ஒலி வேண்டும். அடர்ந்த இசையில் அது சுகமாக ஒளியும். மெல்லிய குரலில், இடைவெளி விட்டுப் பேசும் நிகழ்ச்சியில் ஒளிய இடம் கிடைக்காது. ஒலித்தடத்தை ஒப்பிட்டு அடையாளம் காணும் முறையில் வேறு தொல்லை. ஒரே நிகழ்ச்சியைப் பத்து ஊர் நிலையங்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால், ஒலியை மட்டும் வைத்து எந்த ஊர் என்று பிரிக்க முடியாது. ஃபோன் செயலியாக இருந்தால் பேட்டரி சேமிப்பு அதை இடையில் நிறுத்திவிடும். படுக்கையறை வானொலி ஓடும்போது ஃபோன் கூடத்தில் சார்ஜில் கிடக்கும். ஹெட்ஃபோனில் கேட்பது மைக்குக்கு எட்டாது.

2020 மார்ச்சில் வீடு வீடாகப் போவது நின்றபோது ரேஜாரும் நின்றது. அட்டவணை மீண்டும் வந்தது 2021 அக்டோபரில். அப்போது டைரியோடு இணையவழிக் குழுவும், ஃபோனில் மீட்டராக ஓடும் மீடியாசெல் செயலியின் தரவும் கலந்தன. இரண்டு சாய்வும் ஒன்றையொன்று ஓரளவு நேர்செய்யும் என்பதால் இந்தக் கலவை நல்ல முடிவு என்றே சொல்வோம். ஆனால் 2020க்கு முந்தைய எண்ணையும் 2021க்குப் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டால் இணைத்துப் படம் வரையாதீர்கள். கருவி மாறிவிட்டது. இன்றும் பல விற்பனைக் குறிப்புகளில் அந்தக் கோட்டைப் பார்க்க முடிகிறது.

பாட்காஸ்ட் இந்த அட்டவணையில் இல்லை, ஒலிபரப்பான பிறகு இணையத்தில் கேட்பதும் இல்லை. நேரலைக் கேட்புதான் இதன் எல்லை. மற்றதற்கு ரேஜாரே மைடாஸ் என்ற தனிக் கணக்கெடுப்பு நடத்துகிறது. இரண்டின் எண்களையும் கூட்டக் கூடாது. நிலையத்தின் சொந்த ஸ்ட்ரீமிங் பதிவுகளையும் இதோடு கூட்டாதீர்கள். சர்வர் எண்ணுவது இணைப்புகளை. அணைக்காமல் விட்ட ஸ்பீக்கர் இரவு முழுக்க நேயராகவே இருக்கும், ஒரே ஆள் ஃபோனிலும் கணினியிலும் கேட்டால் இரண்டு பேர் ஆவார்.

வாங்கலாமா? நாடு தழுவியோ பெரிய வட்டாரத்திலோ விளம்பரம் விற்பவருக்கு வேறு வழியில்லை, எதிரே உட்காருபவரின் கையிலும் இதே எண்தான் இருக்கும். சந்தா எடுத்தால் வயது, மணி வாரியாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை டைரிகள் மிஞ்சுகின்றன என்று பாருங்கள். நூறுக்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தை மூடிவிட்டு இரண்டு வயதுப் பிரிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். சில ஆயிரம் நேயர்களுள்ள சமூக வானொலி அந்தப் பணத்தில் தன் பகுதியிலேயே, தெருக்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, 400 வீடுகளில் நேரில் கேட்பது மேல். வானொலி பிடிக்குமா என்று தொடங்காமல், நேற்று காலை எழுந்தது முதல் என்னென்ன கேட்டீர்கள் என்று தொடங்க வேண்டும். உங்கள் நிலையத்தின் பெயரைக் கடைசிக் கேள்வி வரை வாயில் எடுக்கக் கூடாது.