பிஎஸ்6-க்குக் காத்திருப்பதா, பிஎஸ்5-ஐ இப்போதே வாங்குவதா?

சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5-ஐ (பிஎஸ்5) ஓசூரிலிருந்து பெங்களூர் போய் வாங்குகிறவருக்கும் தருமபுரியில் இருந்தபடி ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவருக்கும் குழப்பம் ஒன்றுதான். சோனி அடுத்து எதை அறிவிக்கப் போகிறது, அதற்காகக் கையில் இருக்கும் பணத்தைப் பிடித்து வைக்க வேண்டுமா? பேச்சில் அடிபடுவது மூன்று: அடுத்த தலைமுறையான பிஎஸ்6, இந்தியாவுக்கு பிஎஸ்5 ப்ரோ (பிஎஸ்5-இன் திறன் கூடிய மாடல்), விலைக் குறைப்பு.

முதலில் பிஎஸ்6. பிஎஸ்3 2006-இல் வந்தது, பிஎஸ்4 2013-இல், பிஎஸ்5 2020-இல். ஏழேழு ஆண்டு இடைவெளி. அந்தக் கணக்குப்படி அடுத்தது 2027 கடைசி. பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னியும் 2025 அக்டோபரில் சிப் நிறுவனமான ஏஎம்டியோடு சேர்ந்து வெளியிட்ட வீடியோவில், இன்னும் சில ஆண்டுகளில் வரும் கன்சோலுக்கான தொழில்நுட்பம் என்றே பேசினார். ஆனால் 2025 கடைசியில் மெமரி சிப் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் 2028-க்குத் தள்ளிப்போனாலும் ஆச்சரியமில்லை.

தேதியைவிட முக்கியமானது, சோனி எவ்வளவு முன்கூட்டிச் சொல்லும் என்பது. பிஎஸ்4-ஐ 2013 பிப்ரவரி 20-இல் அறிவித்து நவம்பர் 15-இல் விற்றார்கள். பிஎஸ்5-க்குப் பெயரை 2019 அக்டோபரில் சொன்னார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை 2020 மார்ச்சில், உருவத்தை ஜூனில், விலையை செப்டம்பரில். அமெரிக்காவில் விற்பனை நவம்பர் 12. இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரி 2. அதுவும் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. ஆக, புதுத் தலைமுறை என்றால் அறிவிப்புக்கும் நம் கைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். அறிவிப்பே வராத பொருளுக்காக இன்றைக்குப் பிஎஸ்5-ஐத் தள்ளிப்போடுவது வீண்.

ப்ரோ கதை இதற்கு நேர்மாறு. 2024 செப்டம்பர் 10-இல் அறிவித்து, இரண்டு மாதம்கூட ஆகாமல் நவம்பர் 7-இல் கடைக்குக் கொண்டுவந்தார்கள். இடைக்கால மாடல்கள் இப்படித் திடீரென்றுதான் வரும். இந்தியாவில் அப்போது அது வரவில்லை. ப்ரோவில் இருக்கும் புதுத் தலைமுறை வைஃபை 7-க்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதைச் சோனியே காரணமாகச் சொன்னது. 2025 மே மாதம் அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதியைத் திறக்கத் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதி வெளியிட்டது; 2026 ஜனவரியில் இறுதி விதியும் வந்தது. எனவே ப்ரோவை எதிர்பார்ப்பவர் யூடியூப் வதந்தியை விட்டுவிட்டுச் சோனியின் அறிவிப்பைப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டுப் பெட்டியை 'இம்போர்ட்' என்று விற்பார்கள். இந்திய வாரண்டி கிடையாது. ப்ரோவில் டிஸ்க் டிரைவும் இல்லை. வீட்டில் 4கே டிவி இல்லாதவர் அதற்குக் கூடுதல் பணம் போடுவதில் அர்த்தமே இல்லை.

விலை குறையும் என்ற மூன்றாவது நம்பிக்கைதான் இருப்பதிலேயே பலவீனம். 2021-இல் 49,990 ரூபாய்க்கு வந்த டிஸ்க் மாடல், 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். இந்தத் தலைமுறையில் நிரந்தர விலை ஏறித்தான் பழக்கம். பண்டிகை நேரத் தள்ளுபடியை மட்டும் நம்பலாம்.

வாங்குவது என்று முடிவானால், டிஸ்க்கா (டிஸ்க் போடும் மாடல்) டிஜிட்டலா (கேமை இணையத்தில் மட்டும் இறக்கும் மாடல்) என்பதை நம் ஊர் இணையமே தீர்மானிக்கும். 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் 100 ஜிபி கேம் இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் நாளுக்கு 2 ஜிபி மொபைல் ரீசார்ஜ் என்றால் 50 நாள்! டிஸ்க் இருந்தாலும் பேட்ச் (கேமுக்கான திருத்த அப்டேட்) இறக்கத்தான் வேண்டும், ஆனால் பெரும்பகுதி டிஸ்க்கிலிருந்தே ஏறிவிடும். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகளும் ஓடும், முடித்த கேமை விற்கவும் செய்யலாம்.

இன்னொன்று கரண்ட். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் கோடை மழைக் காற்றில் லைன் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கேம் சேவ் ஆகும் நொடியில் கரண்ட் போனால் சேவ் கெடலாம். மறுபடி ஆன் செய்யும்போது ஸ்டோரேஜைச் சரிபார்த்துக்கொண்டு நிற்கும். பெரிய கேமில் பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ்ஸில் கன்சோலும் டிவியும் சில நிமிடம் தாங்கும். தொடர்ந்து ஆட அது போதாது, முறையாக அணைக்கப் போதும். முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் (தூக்க நிலையில்) விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

ஜிடிஏ 6 என்ற கேமுக்காக மட்டும் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அது வெளிவரும் தேதியை முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, அதன்பின் 2026 நவம்பர் 19. பிஎஸ்4-இல் அது வராது. அந்த வருடத் தீபாவளி நவம்பர் 8. தேதி மறுபடி தள்ளிப்போகாவிட்டால், தீபாவளித் தள்ளுபடியில் பெட்டியை வாங்கி வைக்கப் பதினோரு நாள் இடைவெளி இருக்கிறது.