இளம் கோல்கீப்பர்: ஊரில் இருப்பதா, கடல் கடப்பதா?

ரஷ்யாவின் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் இகோர் ஷெஸ்டெர்கினை அமெரிக்க அணியான நியூயார்க் ரேஞ்சர்ஸ் 2014-இல், இளம் வீரர்களுக்கான ஆண்டுத் தேர்வில் தேர்ந்தெடுத்தது. 2019 வரை அவர் சொந்த நாட்டிலேயே ஆடினார்; 2022-இல் வட அமெரிக்காவின் முதன்மை லீகான என்ஹெச்எல்லின் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா கோப்பை. ஸ்வீடனின் யெஸ்பர் வால்ஸ்டெட்டோ 2021-இல் தேர்வாகி, மறு ஆண்டே அமெரிக்காவின் அயோவாவுக்குப் போய் இரண்டாம் நிலை லீகில் இறங்கிவிட்டார். 2024 ஜனவரியில் முதல் என்ஹெச்எல் ஆட்டம். எதிரணி டல்லாஸ் ஏழு கோல் போட்டது. பார்க்கவே மனசு கனத்தது.

சீக்கிரம் போனால் அங்குள்ள ரிங்க் (ஆடும் பனித்தளம்) பழகும், உண்மைதான். சர்வதேச ரிங்க் 30 மீட்டர் வரை அகலம், வட அமெரிக்காவில் 26 தான். பக்கவாட்டிலிருந்து வரும் பக் (ரப்பர் வட்டு) கண்ணிமைக்கும் முன் வலைவாசலில் நிற்கும். முழங்காலில் சறுக்கி மறுகம்பத்தை அடைக்கும் கணக்கே மாறிவிடும். ஆனாலும் இருபது வயதுப் பையனுக்கு, தெரிந்த பயிற்சியாளரிடம் வாராவாரம் ஆட்டம் கிடைக்கும் ஊரையே நான் சொல்வேன்.