சிவப்புச் சீட்டு, கறுப்புச் சீட்டு: ‘தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃப்ளேம்’ மேசைப்போர் விதிநூல்

மேசைமேல் சிறிய பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, அளவுநாடா பிடித்து விளையாடும் போர் விளையாட்டுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காலனியப் போர்களுக்கென்று தனிக் கிளை ஒன்று உண்டு. அந்தக் கிளையில் இன்றுவரை ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொண்டிருக்கும் விதிநூல்களுள் ஒன்று, அமெரிக்கரான லாரி ப்ரோம் எழுதி 1979-இல் வெளிவந்த ‘தி ஸ்வோர்ட் அண்ட் தி ஃப்ளேம்’. கேரம், சதுரங்கம்போல் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து சேரும் என்று எண்ணி இதை வாங்குபவர் ஏமாந்துபோவார். கையில் கிடைப்பது விதிகள் மட்டுமே. பொம்மைகள், பகடைகள், சீட்டுக்கட்டு, மலை, ஆறு எல்லாவற்றையும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். நண்பர் ஒருவருடன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க இதை விளையாடிய பிறகு இதை எழுதுகிறேன்.

விதிகளின் உயிர்நாடி சீட்டுக்கட்டில் இருக்கிறது. பெரும்பாலான மேசைப்போர்களில் ஒருவர் தம் படை முழுவதையும் நகர்த்தி முடித்த பின்பே மற்றவரின் முறை வரும்; அதுவரை எதிராளி தேநீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். இங்கே பிரித்தானியப் படையில் எத்தனை அணிகள் உள்ளனவோ அத்தனை சிவப்புச் சீட்டுகளையும், எதிர்ப்படையில் எத்தனை அணிகள் உள்ளனவோ அத்தனை கறுப்புச் சீட்டுகளையும் கலைத்துக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். சிவப்பு வந்தால் பிரித்தானியத் தரப்பு தனக்கு விருப்பமான ஓர் அணியை நகர்த்தலாம். கறுப்பு வந்தால் மற்றவர். நகர்வு முடிந்து சுடும் கட்டம் வரும்போதும் சீட்டே முறையைத் தீர்மானிக்கிறது. போதாக்குறைக்கு, ஓர் அணி எத்தனை அங்குலம் நகரும் என்பதையும் பகடைதான் சொல்லும். ஆகவே ‘அடுத்த சுற்றில் அந்தக் குன்றை அடைந்துவிடுவேன்’ என்று யாரும் உறுதியாகக் கணக்குப் போட முடியாது. நான்கு கறுப்புச் சீட்டுகள் அடுத்தடுத்து விழும்போது சிவப்புக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த அமைப்பு எந்தச் சண்டைக்குப் பொருந்தும் என்று யோசித்தபோது, 1879-இல் தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியருக்கும் ஜூலு அரசுக்கும் நடந்த போரில் எல்லோரும் முதலில் நாடும் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையை நாங்கள் வேண்டுமென்றே ஒதுக்கினோம். சுவருக்குப் பின்னால் நின்று சுடுவதே அங்கே ஒரு தரப்பின் வேலை என்பதால் இரண்டாம் ஆட்டத்திலேயே அலுத்துவிடும். அதற்குப் பதிலாக, அதே போரில் 1879 மார்ச் 12 அன்று விடியற்காலையில் இன்டோம்பே ஆற்றங்கரையில் நடந்த சண்டையை நண்பர் தேர்ந்தெடுத்தார். லூனபர்க் என்ற ஜெர்மானியக் குடியேற்ற ஊருக்கு வெடிமருந்தும் உணவுப்பொருளும் ஏற்றிச் சென்ற வண்டித்தொடர், மழையால் பெருகிய ஆற்றைக் கடக்க முடியாமல் அங்கே தேங்கி நின்றது. பிரித்தானியப் படையின் 80-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் டேவிட் மொரியார்ட்டி, வடகரையில் வண்டிகளைத் தலைகீழ் ‘வி’ வடிவில் அரணாக நிறுத்தி, எழுபதுக்குச் சற்று மேற்பட்ட வீரர்களோடு தங்கினார். தென்கரையில் முப்பத்தைந்து பேர் அளவில் இருந்தார்கள். ஆற்று நீர் வடிந்ததும் அரணின் இரு முனைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியும் காலைப் பனிமூட்டமும் போதுமானவையாக இருந்தன. அரியணைப் போட்டியில் தோற்று ஜூலு மன்னர் கெட்ஷ்வாயோவிடம் அடைக்கலம் பெற்றிருந்த ஸ்வாசி இளவரசர் எம்பிலினி, தம் வீரர்களோடு பாய்ந்தார். வண்டியோட்டிகளையும் சேர்த்து ஏறத்தாழ 80 பேர் அங்கே இறந்தார்கள். மொரியார்ட்டியும் அவர்களுள் ஒருவர்.

இவ்வளவு சிறிய சண்டை என்பதால்தான் இது இந்த விதிகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. காலாட்படை அணி என்றால் இதில் 20 பொம்மைகள். குதிரைப்படை அணி என்றால் 12. வடகரைக்கு மூன்று அணிகள், தென்கரைக்கு ஓர் அணி என்று வைத்தால் ஏறத்தாழ ஓர் ஆளுக்கு ஒரு பொம்மை என்ற கணக்கு வந்துவிடுகிறது. எம்பிலினியின் தரப்புக்கு ஆறு அணிகள், அதாவது 120 பொம்மைகள். உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கைக்கு அது எவ்விதத்திலும் ஈடாகாது என்பதால், அழிந்துபோன அணி ஒன்று மேசையின் ஓரத்திலிருந்து மீண்டும் நுழையலாம் என்று எங்களுக்குள் ஒரு துணைவிதி வைத்துக்கொண்டோம். கூடாரத்துக்குள் உறங்கும் வீரர்களை ஒரு சிவப்புச் சீட்டைச் செலவழித்து எழுப்பினால்தான் அவர்கள் சுடலாம் என்பது இன்னொரு துணைவிதி. இப்படி நாமே சேர்த்துக்கொள்ள நூல் இடம் தருகிறது. சொல்லப்போனால், நாம் சேர்ப்போம் என்று எதிர்பார்க்கிறது.

முதல் ஆட்டத்தில் எம்பிலினியின் தரப்பு எனக்கு வந்தது. மூன்று கறுப்புச் சீட்டுகள் தொடர்ந்து விழ, என் ஆட்கள் வண்டிகளை நெருங்கிவிட்டார்கள். அதன் பிறகு நண்பரின் ஒரே ஓர் அணி விழித்துக்கொண்டு சுட்டதில், இருபது முகப் பகடைகள் எனக்கு எதிராகவே உருண்டன. ஒரு தோட்டா போட்டு, சுட்டு, மீண்டும் ஒன்று போடும் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிதான் என்றாலும், கிட்டத்தில் நெருங்கி வரும் கூட்டத்துக்கு அது என்ன செய்யும் என்பதை அந்தப் பகடைகள் நன்றாகவே காட்டின. அடிபட்டவன் இறந்தானா காயமுற்றானா, அடி தலைவனுக்கு விழுந்ததா என்பதற்கு மறுபடியும் சீட்டு எடுக்க வேண்டும். இந்த ஒரு சிறு ஏற்பாடு ஆட்டத்தின் தன்மையையே மாற்றுகிறது. காயமுற்ற தம் ஆட்களைப் பிரித்தானிய அணி விட்டுவிட்டுப் போகாமல் தூக்கிக்கொண்டு நகர வேண்டியிருப்பதால், நான்கு காயங்கள் பட்ட அணி சாவுகள் பட்ட அணியைவிடச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறது.

பாய்ச்சல் விதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாக்குபவர் ‘பாய்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அவருடைய அணிக்குக் கடைசி அடியை எடுத்துவைக்கும் துணிவு இருக்கிறதா என்று பகடை பார்க்க வேண்டும். எதிரே நிற்பவருக்கும் நின்று தாங்கும் துணிவு இருக்கிறதா என்று பகடை உண்டு. என் அணிகளுள் சிறந்த இடத்தில் இருந்த ஒன்று, அரணுக்கும் ஆற்றுக்கும் நடுவேயான அந்த இடைவெளியின் வாயிலிலேயே தயங்கி நின்றுவிட்டது. நான் கொஞ்சமும் நம்பாத இடக்கோடி அணியோ வண்டிகளின் மேலேறிக் குதித்தது. சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு கல்யாண வீடு நடத்துவதுபோல் இருந்தது என்றால் மிகையில்லை. திட்டமிட்டு வெல்வதில் மட்டுமே மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும். எனக்கு இதுவே இந்த நூலின் சிறந்த பகுதியாகப் பட்டது. ஏனெனில் இன்டோம்பேயில் இருந்த எவருக்கும் அன்று காலை முழுக் களமும் கண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாது.

குறை என்று வந்தால், கைகலப்பு விதிதான் முதலிடம் பிடிக்கிறது. இரு அணிகள் மோதியதும் பொம்மைகளை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியாகப் பகடை உருட்டி, கூட்டல் கழித்தல் பார்த்து, வென்றவரைத் தீர்மானிக்க வேண்டும். முதல் பத்து இணைகள்வரை இது விறுவிறுப்பாக இருக்கிறது. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது. மூன்று அணிகள் ஒரே இடத்தில் மோதியபோது ஏறத்தாழ ஒரு மணி நேரம் பகடை மட்டுமே உருட்டிக்கொண்டிருந்தோம். சாப்பிடக் கூப்பிட்டவர்களுக்கு இருவரும் ‘இதோ வருகிறோம்’ என்று ஆறு முறை சொல்லியிருப்போம். இரு தரப்பின் பலத்தைச் சமன்செய்யப் புள்ளிக் கணக்கு எதுவும் இல்லாததும் புதியவர்களுக்குத் தொல்லைதான். எத்தனை அணிகளுக்கு எத்தனை அணிகள் என்பதை வரலாறு படித்தும், ஓர் ஆட்டத்தை வீணடித்தும்தான் கற்றுக்கொள்ள முடிகிறது.

இரண்டாவது குறை சொற்களைப் பற்றியது. சிவப்புச் சீட்டு ‘பிரித்தானியர்’ என்றும், கறுப்புச் சீட்டு ‘சுதேசிகள்’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லாலும் குறிக்கப்படுகின்றன. ஜூலு, பட்டாணியர், சூடானின் மஹ்தி படையினர் என்று தனித்தனி இயல்புகள் கொடுக்கப்பட்டிருந்தாலும், எல்லோரும் ஒரே நிறச் சீட்டுக்குள் அடைபடுகிறார்கள். வயதுவாரியாகத் திரட்டப்பட்ட படையணிகளும், மார்பு, கொம்பு, இடுப்பு என்று எருமையின் உடலைப்போல் வகுத்த வியூகமும் கொண்டிருந்த ஜூலு அரசின் படையை இப்படி ஒற்றைச் சொல்லில் கட்டுவது 1979-இன் பழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் இன்றைக்கு அதைக் கையில் எடுப்பவர் கண்ணில் அது உறுத்தவே செய்யும். நாங்கள் எங்கள் தாளில் அதை அடித்துவிட்டு ‘எம்பிலினியின் ஆட்கள்’ என்று எழுதிக்கொண்டோம்.

ஒன்றைமட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: சொல் எப்படி இருந்தாலும், விதி அந்தத் தரப்பைத் தாழ்த்தவில்லை. கறுப்புச் சீட்டுக்காரர் தோற்பதற்காகவே மேசைக்கு அழைக்கப்படும் விளையாட்டுகள் இருக்கின்றன. இது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அந்த ஜூலு போரை மூட்டிய இறுதி எச்சரிக்கையை 1878 டிசம்பர் 11 அன்று விடுத்தவர், முன்பு பம்பாய் ஆளுநராக இருந்த பார்டில் ஃப்ரியர். போர் நடந்தபோது, ஜூலு நாட்டை ஒட்டிய பிரித்தானியக் காலனியான நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் இருந்தார்கள்; சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்றே அவர்களுள் முதல் கூட்டத்தை டர்பனில் இறக்கியிருந்தது. ஆகையால் சிவப்புக் கோட்டு பொம்மையைக் கையில் எடுக்கும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நண்பருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்கு அது மூன்று மாதம் வண்ணம் தீட்டிய பொம்மை.

அந்த மூன்று மாதத்தையும் செலவாகவே கணக்கிட வேண்டும். 28 மில்லிமீட்டர் உருவங்கள் கண்ணுக்கு அழகு என்றாலும் இருநூறு உருவங்கள் வாங்கினால் பணப்பை தாங்காது. நண்பர் 1/72 அளவிலான மென்பிளாஸ்டிக் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்தார். முன்பு எஸ்கி நிறுவனம் வார்த்து, பின்னர் இத்தாலேரி மறுவெளியீடு செய்த ஜூலு போர்ப் பெட்டிகள் அவை. முதலில் சோப்பு நீரில் கழுவாவிட்டால் வண்ணம் உரிந்துவிடும். கழுவினாலும் ஈட்டி முனைகளில் உரியத்தான் செய்கிறது. வண்டிகளைத் தீப்பெட்டி அட்டையிலும், புல்லைத் தேங்காய் நாரிலும், ஆற்றை நீலக் கண்ணாடித்தாளிலும் செய்தோம். தூரம் அளக்கத் தையல்காரரின் நாடாவே போதும். ஆறடிக்கு நான்கடி சாப்பாட்டு மேசை ஒன்று கட்டாயம்.

விதிகளை ஒருமுறை படித்துவிட்டு இரண்டு சுற்றுகள் ஆடினால் நூலைப் புரட்டாமலே தொடரலாம். இருவருக்கு மிகவும் ஏற்றது. நால்வர் சேர்ந்தால் சீட்டு திறக்கும்போது எழும் கூச்சலுக்காகவே விளையாடலாம். தனியாக ஆட நினைப்பவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனென்றால் அடுத்த சீட்டின் நிறத்துக்காக இருவர் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொள்வதில்தான் இதன் சுவை பாதி இருக்கிறது.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தரப்புகளை மாற்றிக்கொண்டோம். அன்றைய உண்மைச் சண்டையில் தென்கரையில் பொறுப்பிலிருந்த லெஃப்டினன்ட் ஹார்வர்ட், உதவி கொண்டுவருவதாகச் சொல்லி லூனபர்க்குக் குதிரையில் போய்விட்டார். எஞ்சியவர்களைக் கட்டுக்குலையாமல் பின்வாங்கச் செய்தவர் சார்ஜன்ட் ஆன்டனி பூத். பூத்துக்குப் பிரித்தானியாவின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஹார்வர்ட் இராணுவ நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டபோதும், அந்தத் தீர்ப்பை ஏற்க மேல்தளபதி வுல்ஸ்லி மறுத்தார். இதற்காக நண்பர் ஒரு துணைவிதி எழுதியிருந்தார்: வடகரையின் கடைசி அணி சிதறியதும் நான் ஒரு பகடை உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் அதிகாரி குதிரையேறிவிடுவார். எனக்கு ஒன்று விழுந்தது. அதிகாரியின் பொம்மையை நண்பர் எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஐந்து சுற்றுகள், சிவப்பு வரும்போதெல்லாம் நான்கைந்து அங்குலம் பின்னால் போய், நின்று, சுட்டு, இரண்டு காயக்காரர்களைத் தூக்கிக்கொண்டு, என் சார்ஜன்ட் பதினொரு பேரோடு மேசையின் தென்விளிம்பைத் தொட்டார். மணி மாலை ஐந்தரை. சீட்டுக்கட்டில் இன்னும் மூன்று கறுப்புச் சீட்டுகள் திறக்கப்படாமல் இருந்தன.